கட்டையில் நிற்காத சுண்டெலிகள்

பழுதுபார்க்கப் போயிருந்த சுழல்கட்டை ஒருவழியாக ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. வந்த அன்றே அது, வலிப்புக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த அவள் வாயில் மண்ணைப் போட்டது.

பார்வைக்கு அது ஒன்றும் பெரிய இயந்திரமில்லை. முழ நீளத்துக்கு ஓர் உருளை. கால் வழுக்காமலிருக்க அதன்மேல் ரப்பர் வரிகள். ஏறி நிற்கிற சுண்டெலி பக்கத்துச் சுண்டெலியை வேடிக்கை பார்த்துக் கோட்டை விட்டுவிடாமலிருக்க நடுநடுவே வட்டத் தடுப்புகள். மோட்டாரைப் போட்டால் கட்டை மெல்லச் சுழலும். மேலே விடப்பட்ட சுண்டெலி விழாமலிருக்க வேண்டுமானால், சுழலும் திசைக்கு எதிராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். திடமாக இருக்கிற சுண்டெலிக்கு இது விளையாட்டு. நடந்துகொண்டே மீசையைக்கூடத் துடைத்துக்கொள்ளும். மப்பில் இருக்கிற சுண்டெலிக்குக் கால் பின்னும், பொத்தென்று கீழே இருக்கிற தட்டில் விழும். விழுந்த கனத்தில் தட்டு அமுங்கி, எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

அவள் முதல் சுண்டெலியை வாலைப் பிடித்து, உள்ளங்கையில் தாங்கி, கட்டையின் மேல் விட்டாள். அது இரண்டு எட்டு வைத்தது. பிறகு, பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்வதைப் போலத் தடுப்பில் சாய்ந்து, அப்படியே வழுக்கி விழுந்தது.

"அவுட்," என்றான் அம்பயர்.

அம்பயர் என்பது அவனுடைய பட்டப்பெயர். எந்தச் சுண்டெலிக்கு வலிப்பு வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. எதற்கு எந்த மருந்து போட்டார்கள் என்று அவனுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவளுக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது: விளக்கம். குழாயைத் திறக்கிறவனிடம்கூடத் தண்ணீர் எப்படி மேலே ஏறி வருகிறது என்று சொல்லாமல் விட மாட்டாள் என்பதால்.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதைக் கட்டையில் ஏற்றவே முடியவில்லை. அவள் கையிலேயே உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

"இதப் பாரேன்," என்றான் அம்பயர், "இது வெளையாட்டுக்கே வரலங்குது."

"சும்மா இருடா."

"நான் என்ன பண்ணேன்? நீ கொடுத்த சரக்கு அப்படி."

சரக்கு அவள் கொடுத்ததுதான். வேலியோரம் கேட்பாரற்று முளைக்கிற ஒரு செடி. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். அதன் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட்டை ஆவியாக்கினால் தார் மாதிரி ஒரு பிசின் மிஞ்சும். அதற்குள் பத்துப் பதினைந்து பொருள்கள் கட்டிப்புரண்டு கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, வேண்டாததைத் தள்ளி, கடைசியில் ஒரு சிட்டிகை வெளிர்மஞ்சள் தூள். அதற்குள் அவளுடைய இரண்டு மழைக்காலம் அடங்கியிருந்தது.

அந்தத் தூளைச் சுண்டெலிகளுக்குப் போட்டு, பிறகு வலிப்பை வரவழைக்கும் ரசாயனத்தை ஊசியில் ஏற்றினார்கள். வெறும் கரைசல் மட்டும் பெற்ற கூட்டத்துக்கு உடம்பு வெட்டி இழுத்தது. தூள் பெற்ற கூட்டம் பேசாமல் உட்கார்ந்திருந்தது. கடைகளில் விற்கிற பழைய மாத்திரை பெற்ற கூட்டமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. அம்பயர் தன் தாளையும் அவள் தன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இருவரும் கத்திவிட்டார்கள்.

முறைப்படி பார்த்தால் சுழல்கட்டைச் சோதனையை முதலில் செய்திருக்க வேண்டும். ஆனால் கட்டையின் பெல்ட் அறுந்து, பழுதுபார்க்கிறவரிடம் போயிருந்தது. அவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். சரி, அது வரும்போது வரட்டும், இதை முடித்துவிடுவோம் என்று முடித்தார்கள். அவசரம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியை வழிநடத்துகிற மேடம் வந்து கட்டையைப் பார்த்தார். தட்டில் கிடந்த சுண்டெலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல சகுனமில்லை.

"தூங்குற எலிக்கு வலிப்பு வரலைன்னு சொல்றதுக்கு நாம எதுக்கும்மா?"

"அளவக் கொறைச்சுப் பாக்கலாம் மேடம்."

"பாரு."

பார்த்தாள். ஒரு மருந்து நல்ல மருந்து என்றால், வலிப்பை நிறுத்துகிற அளவும் ஆளைச் சாய்க்கிற அளவும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நோயாளி வாழ முடியும். எழுந்து, நடந்து, வேலைக்குப் போக முடியும். பாதியாகக் குறைத்தபோது சுண்டெலிகள் கட்டையில் நன்றாகவே நடந்தன. வலிப்பும் நன்றாகவே வந்தது. கொஞ்சம் ஏற்றினால் வலிப்பு நின்றது, கூடவே கால்களும் நின்றுவிட்டன. இரண்டும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் போல. நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை.

"மருந்தோட அமைப்பக் கொஞ்சம் மாத்திப் பாக்கலாம்," என்றார் மேடம் புறப்படும்போது. "ஒரு வருஷமாகும், ரெண்டு வருஷமாகும். ஒண்ணும் வராமலும் போகலாம். மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நூத்துக்குத் தொண்ணூறு இப்படித்தான் போகும்."

தொண்ணூற்றில் ஒன்றாகத் தன்னுடையது இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

வெளியே மழை விட்டபாடில்லை. பழைய இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை வைத்த வீடு அவர்களுடையது. அவள், அண்ணன், அண்ணி. ஏறிப்போக இரும்புப் படி. பாதிப் படியிலேயே அவளுக்கு அந்த வாசனை தட்டிவிட்டது. பச்சையும் கசப்புமாக, ஈரச் சாக்குபோல ஒரு வாசனை. ஆய்வுக்கூடத்து வாசனை சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கதவைத் திறந்தால் அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்க விஞ்ஞானி," என்றாள் அண்ணி. அறைக்குள்ளேயே கொடி கட்டி ஈரத்துணி போட்டிருந்ததால் ஒரு பாவாடைக்கும் போர்வைக்கும் நடுவே அவள் முகம் மட்டும் தெரிந்தது. "அப்படியே நிக்காத, தலையத் துவட்டு. தரையெல்லாம் சொட்டுது."

"அண்ணி, அடுப்புல என்ன?"

"ஏன், உனக்குத் தெரியாதா? உன் செடிதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உங்க அண்ணனுக்குத்தான். பின்ன நானா குடிக்கப் போறேன் அந்தக் கண்றாவிய?"

துண்டை எடுத்தவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு குடிக்கச் சொன்னது?"

"நல்லா இருக்கே! அன்னைக்கு மாடிப்படி அதிர ஓடி வந்து, 'அண்ணி, வேலை செய்யுது, வேலை செய்யுது'ன்னு என்னப் பிடிச்சு ஒரு சுத்து சுத்துனியே, அது யாரு? நடந்து போறப்ப 'இதான் அந்தச் செடி'ன்னு சுவத்தோரம் காட்டினது யாரு?"

அவள்தான். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலை செய்யுது என்றால், இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று அர்த்தம். இன்னும் பத்துச் சோதனைக்கு வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபேன் ஓடுவதைப் பார்த்து வேலை செய்யுது என்று சொல்கிற வீட்டில் அதே வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஊரில் எல்லோரையும் உட்காரவைத்து எதையெல்லாமோ விளக்குகிறவள், இந்த ஒன்றை விளக்காமல் விட்டிருந்தாள். சந்தோஷத்தில் விளக்கம் எங்கே ஞாபகம் வரும்?

"அண்ணனோட வலிப்பு மாத்திரை?" என்றாள்.

அண்ணி கரண்டியால் பாத்திரத்தைக் கிண்டினாள். "பாதி."

"அண்ணி!"

"கத்தாத. பாதி மாத்திரை, ஒரு டம்ளர் இது. வலிப்பு வந்துச்சா? வரல. சோத்துத் தட்டுலயே தலைய வச்சுத் தூங்கின மனுஷன் இப்ப எங்கூடச் சண்டை போடுறாரு. நேத்து ஒரு மணி நேரம் சண்டை. எவ்வளவு நாளாச்சு தெரியுமா அவரு முழுசா ஒரு சண்டை போட்டு?"

இரும்புப் படி தடதடத்தது. அண்ணன் நனைந்தபடி உள்ளே வந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய முட்டைகள். சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டு வந்திருந்தான்.

"பாப்பா வந்துட்டியா? நல்ல நேரத்துல வந்த. சொல்லு, நாளைக்கு நான் எங்க நிக்கப் போறேன்?"

"எங்கண்ணே?"

"பிளேடுல!"

அவன் வேலை செய்வது தையல் தொழிற்சாலையில். துணியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சாண் உயரத்துக்கு விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் வரைந்து, நட்டக்குத்தலாக மேலும் கீழும் ஓடுகிற பிளேடு மெஷினைக் கோட்டின் மேல் ஓட்டிப்போக வேண்டும். வலது கை மெஷினைத் தள்ளும், இடது கை துணி நகராமல் பிளேடுக்குப் பக்கத்திலேயே அமுக்கிப் பிடிக்கும். கோடு தப்பினால் ஒரு சட்டை போகாது, அடுக்கில் இருக்கிற அத்தனையும் போகும். அதில் அவன் கெட்டிக்காரன். வலிப்பு வந்து, மாத்திரை போட ஆரம்பித்து, கை மந்தப்பட்ட பிறகு மாஸ்டர் அவனைப் பிசிறு மேசையில் உட்காரவைத்துவிட்டார். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டுகிற மேசை. அதிலும் தூங்கி வழிந்து இரண்டு முறை பேச்சு வாங்கினான்.

"மாஸ்டர் கேட்டாரு, என்னய்யா, கண்ணு பளிச்சுனு இருக்குன்னு. எந்தங்கச்சி கண்டுபிடிச்ச மருந்துன்னு சொன்னேன். அந்த ஆளு வாயப் பொளந்துட்டாரு. அப்ப நாளைக்கு மெஷினுக்கு வாய்யான்னுட்டாரு. ஏய், முட்டைய ஒடைச்சு ஊத்து, இன்னிக்கு ஆளுக்கு ரெண்டு."

அவள் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆரம்பிக்கக்கூடாத இடத்தில் ஆரம்பித்தாள்.

"அண்ணே, கட்டை திரும்பி வந்துடுச்சு."

"எந்தக் கட்டை?"

சொன்னாள். பெல்ட், தட்டு, தடுப்பு, விழுந்த சுண்டெலி எல்லாம். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். பாதியில் சிரித்துவிட்டான்.

"அப்ப உன் மருந்து தூக்க மருந்துங்கற. எனக்குத்தான் தூக்கமே வரலியே? நான் எலி இல்ல பாப்பா."

"அதுதாண்ணே பயமே. அந்த மருந்து உனக்குள்ள போயிருந்தா உனக்குத் தூக்கம் வந்திருக்கணும்."

"போயிருந்தான்னா? டம்ளர் டம்ளரா குடிக்கிறேன்!"

"அது தண்ணியில கரையாது. எண்ணெய் மாதிரி. நாங்க ஸ்பிரிட்டுலதான் இறக்குவோம். இப்படிக் கொதிக்க வச்சா வாசனை தண்ணியில வரும், சரக்கு வராது. சரக்கெல்லாம் அந்தச் சக்கையிலதான் கெடக்கும்."

அண்ணி முட்டையை உடைக்கப் போன கையை நிறுத்தினாள். "சக்கைய நான் தொட்டிச் செடிக்குல்ல போட்டேன்?"

"அப்ப நான் இத்தன நாளா குடிச்சது?" என்றான் அண்ணன்.

"கசப்புத் தண்ணி."

கீழே கடைக்காரர் தகரத்தை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது.

"தண்ணியோ என்னமோ," என்றான் அவன், குரலை மாற்றிக்கொண்டு. "வலிப்பு வரலல்ல?"

"இதுக்கு முன்னாடி, மாத்திரை இல்லாதப்ப, உனக்கு எப்பெப்ப வரும்? தெனமுமா வந்துச்சு? மாசக்கணக்கா வராம இருந்து, திடுதிப்புன்னு வரும். இந்தப் பாதி மாத்திரைக்கு எப்ப வருமோ எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வரலங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் நாங்க ஒரு கூட்டத்துக்கு வெறும் கரைசல்..."

"போதும்," என்றாள் அண்ணி. "உன் கூட்டத்தயும் கரைசலயும் அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? குடத்தத் தூக்கினா புவியீர்ப்புன்னு பாடம் எடுக்கறவளுக்கு, இதச் சொல்ல வாய் வரலியா?"

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"எங்களுக்கு எப்படித் தெரியும், வேலை செய்யுதுன்னா வேலை செய்யலன்னு அர்த்தம்னு?"

அண்ணியின் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்குகிற கண். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், கழுவுகிற இடத்தில் கொட்டினாள். பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்கியது. அறையெல்லாம் வாசனை.

"டாக்டரப் போய்ப் பாக்கலாம்ணே. வேற மாத்திரை இருக்கு. தூக்கம் கொறைவா வர்றது."

"தூக்கம்னு சொன்னேன். பழகிடும்னாரு."

"பழகலன்னு சொல்லணும். மாத்துவாங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும், நாமளா பாதியாக்கக் கூடாது. திடீர்னு கொறைச்சா முன்னவிட மோசமா வரும்."

"அந்த மாத்திரை எனக்குச் சரியா வருமா?"

வரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "சில பேருக்கு வருது," என்றாள்.

"சில பேருக்கு!" அவன் துண்டைக் கொடியில் வீசினான். கொடி ஆடியது. "அந்தப் பொம்பளைங்களுக்கு நடுவுல குந்திக்கிட்டு நூலு வெட்டறது நானு. சில பேருக்காம். நாளைக்கு நான் போகத்தான் போறேன். யாரும் எதுவும் பேசாதீங்க."

முட்டை பொரிந்தது. ஆளுக்கு இரண்டு. சாப்பிட்டு முடித்ததும் அண்ணி ஒரு முழு மாத்திரையை அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவன் அதை வெகுநேரம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் இல்லாமலேயே வாயில் போட்டு விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

காலையில் அவளும் கூடவே கிளம்பினாள். ஏன் வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை. சாக்கடைத் தண்ணீரைத் தாண்டும்போது மட்டும், பழக்கதோஷத்தில், கையை நீட்டினான்.

தொழிற்சாலை கூரையில் மழைத்தண்ணீர் ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். தையல் மெஷின்களின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வெட்டு மேசை ஒரு கோடியில் இருந்தது. நீலத்துணி அடுக்கு விரித்து, கோடு வரைந்து தயாராக இருந்தது. மாஸ்டர் பருத்த மனிதர். கழுத்தில் அளவு நாடா.

"வாய்யா, வா. ஒனக்காகத்தான் இத ஓட்டிக்கிட்டிருந்த பயல வேற பக்கம் அனுப்பியிருக்கேன்."

இடது கைக்கு இரும்பு வலையில் செய்த கையுறை ஒன்று இருந்தது. பிளேடு பட்டாலும் விரல் போகாமல் தடுக்க. ஆனால் உடம்பே துள்ளி மெஷின் மேல் விழுந்தால் ஒரு கையுறை என்ன செய்யும்? அண்ணன் அதை எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்து, மணிக்கட்டில் வாரை இழுத்துக் கட்டினான். நேற்றுப் போட்ட முழு மாத்திரையில் அவன் இமைகள் கனத்திருந்தன. வாரின் கொக்கி இரண்டு முறை நழுவியது. அவள் பார்த்தாள். மாஸ்டரும் பார்த்தார்.

"இவங்கதான் மருந்து கண்டுபிடிச்ச தங்கச்சியா?" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார். "எங்க மச்சானுக்கும் வலிப்பு இருக்கும்மா. கேக்கணும்னே இருந்தேன். நல்லா கேக்குதா மருந்து?"

"அது வந்துங்க, நாங்க முதல்ல..."

"சத்தத்துல ஒண்ணும் காதுல விழலம்மா. கேக்குதா, கேக்கலியா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அவள் ஏதாவது போட்டுடைத்து, அப்பாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதே என்று அவனைப் பார்த்திருக்கிறாளே, அந்தப் பார்வை இப்போது அவன் கண்ணில் இருந்தது. அவன் அப்போதெல்லாம் காட்டிக்கொடுத்ததில்லை.

"கேக்கலைங்க!" என்று அவள் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வரிசை மெஷின்கள் நின்றிருந்தன. அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நான்கைந்து தலைகள் திரும்பின.

மாஸ்டர் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை, அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் துணி அடுக்கின் ஓரத்தைச் சரிசெய்தார். "அந்தப் பயலக் கூப்பிடு," என்று யாரிடமோ சொன்னார்.

அண்ணன் வாரை அவிழ்த்தான். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கூடத்தின் குறுக்கே நடந்துபோய்ப் பிசிறு மேசைப் பக்கம் நின்றான். அங்கே நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வயதில் மூத்தவள் தன் நாற்காலியை இழுத்து இடம் விட்டாள்.

"வாங்க சார். காலைலயே ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கத்திரி எங்க?"

"உங்க கத்திரிய நான் எடுத்துக்கிட்டேன். இந்தாங்க, இது மொன்னை. வேணும்னா வச்சுக்கங்க."

அவன் உட்கார்ந்தான். குவியலிலிருந்து ஒரு சட்டையை இழுத்து, உட்புறம் திருப்பி, காலரில் நூல் தேடினான். மொன்னைக் கத்திரி முதல் தடவை கடித்ததே தவிர வெட்டவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. இலையிலிருந்து எடுத்த அந்தத் தூளின் அமைப்பை எப்படி மாற்றப்போகிறார்கள், எந்த முனையில் எதைச் சேர்த்தால் தூக்கம் மட்டும் பிரிந்துபோக வாய்ப்பிருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். சத்தத்தில் கேட்காது.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் குனிந்து.

அவன் நிமிரவில்லை. நூலைக் கையால் பிய்த்து எறிந்தான்.

"சரி, கெளம்பு. நேரமாச்சு," என்றான். "எலிங்க பசியோட இருக்கும்."